பூமித்தாய் தின்ற சண்டை

வெள்ளிப் பூண் போட்ட கோலை மடியில் கிடத்தி, மேலூருக்கும் கீழூருக்கும் பொதுவாய் இம்மேடையின் நடுவில் வீற்றிருக்கும் அவைத் தலைவர், மதிப்பிற்குரிய இலாரியோன் அவர்களே! தலைவரின் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் மேலூர்ப் பெரியோர்களே! இடப்பக்கம் அமர்ந்திருக்கும் கீழூர்ப் பெரியோர்களே! முதுகில் மூட்டையும் மடியில் கோக்கா இலையுமாய் மலையேறி மலையிறங்கி வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! சிலுவைத் திருநாளுக்கென்று சட்டையைத் துவைத்து உடுத்தி வந்திருக்கும் இளைஞர்களே! முன்வரிசையில் நம் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி பசிலியாவே! அதோ, நீரூற்றின் கல்படியில் ஒற்றையாய் நிற்கும் நிகாசியோவே! உங்கள் ஒவ்வொருவரையும் சுருமாயு ஊரின் எழுத்தன் எவரிஸ்தோ கோல்கே தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

கை தட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் இன்னும் எதுவுமே பேசவில்லையே, எதற்குத் தட்டினீர்கள்?

மறுபடியும் தட்டுகிறீர்கள்! சரி, இப்போது பாருங்கள். கீழூர்க்காரர்களே, நீங்கள் அத்தனை பேரும் கிழங்குத் திருடர்கள்! மேலூர்க்காரர்களே, உங்களைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளை இந்த மலை பெற்றதே இல்லை! தலைவர் அவர்களே, உங்கள் கோலைவிட உங்கள் மூளை கட்டையானது!

கேட்டீர்களா அந்தக் கைதட்டலை? தலைவரும் தட்டுகிறார். சிரித்துக்கொண்டே தட்டுகிறார். "நல்லா சொன்னீங்க எழுத்தரே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வேறு வருகிறது. பேச்சாளனுக்குக் கைதட்டல் தேன் என்பார்கள். எனக்கோ முதுகுத்தண்டு சில்லிடுகிறது, ஐயா! நடுப்பகல் வெயிலில் நின்று சொல்கிறேன், சில்லிடுகிறது!

இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? சமாதானத்தின் மூன்றாம் ஆண்டு விழா. மூன்று ஆண்டுகளுக்குமுன் எழுதிய ஒப்பந்தத்தை இன்று நான் மறுபடி வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் இதோ இந்தப் பானையிலுள்ள சிச்சாச் சோளக்கள்ளை மண்ணில் ஊற்றி, இனி என்றென்றைக்கும் என்று முத்திரை வைக்க வேண்டும். என்னை அழைத்தது அதற்குத்தான். வாசிப்பேனா, ஊற்றுவேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் சில கேள்விகள் இருக்கின்றன. கைகளைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

இந்தத் திடலில் என்ன நடந்தது முன்பெல்லாம்? மறந்துவிட்டீர்களா? சிலுவைத் திருநாளன்று மேலூர் ஒரு பக்கம் நிற்கும், கீழூர் ஒரு பக்கம் நிற்கும். ஒவ்வொருவனுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஓர் இணையாள் இருப்பான். ஒத்த உயரம், ஒத்த வயது, ஒத்த கை வலு. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். கையில் கல்லில்லை, கத்தியில்லை, வெறும் முட்டி! விழுந்தவனை அடித்ததில்லை, திரும்பியவனைத் துரத்தியதில்லை. அடித்து முடித்த இருவரும் ஒரே பானையில் குடித்துவிட்டு, ஒருவன் தோளில் ஒருவன் கைபோட்டு வீட்டுக்குப் போனார்கள். ஓராண்டு முழுவதும் சேர்ந்த வயிற்றெரிச்சல், வரப்புத் தகராறு, வாய்த் தகராறு, அத்தனையும் ஒரு பகலில் தீர்ந்தது. சிந்திய துளியை மண் குடித்தது. மறுநாள் ஊர் லேசாக விடிந்தது.

என் அண்ணன் தமாசோவை நீங்கள் அறிவீர்கள். அவனுடைய இணையாள் யார்? அதோ நிற்கிறானே, கீழூர் நிகாசியோ! பதினோராண்டு இந்தத் திடலில் ஒருவரையொருவர் புரட்டி எடுத்தவர்கள். சண்டை முடிந்ததும் கோக்கா இலையை மென்று என் அண்ணனின் புருவக் காயத்தில் அப்பிவிடுவது யார்? நிகாசியோதான்.

"மச்சான், அடுத்த வருஷம் உன் இடது கண்ணு எனக்கு" என்பான் நிகாசியோ.

"வாடா வா. உன் மூக்கு இன்னும் நேரா நிக்குது. அதைப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது" என்பான் என் அண்ணன்.

இதைவிட நெருங்கிய நட்பை நான் கண்டதில்லை. எனக்கு அப்படியோர் இணையாள் வாய்க்கவில்லை. நான் பேனா பிடித்தவன். திடலின் ஓரத்தில் நின்று யார் விழுந்தார், யார் எழுந்தார் என்று எழுதுகிறவன்.

பிறகு அந்த ஆண்டு வந்தது. நிகாசியோ குத்தினான். என் அண்ணன் பின்வாங்கினான். சிச்சா சிந்திய ஈரத்தில் கால் வழுக்கியது. நீரூற்றின் கல்படியில் பின்மண்டை பட்டது. அவ்வளவுதான். அவனைத் தோளில் தூக்கி வீடு வரை சுமந்து வந்தவனும் நிகாசியோதான். அடக்கத்தன்று அவன் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மனிதன் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு நான் இதே மேடையில் ஏறினேன். எனக்கு அவனை அடித்துக் கொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அடிக்கத் தெரியாதே! தெரிந்தது எது? பேச்சு! பேசினேன். இரத்தம் போதும் என்றேன். தாய்மார்கள் தேம்பினீர்கள். ஒரு பிணத்தைப் பார்த்த கண்கள் வேறென்ன செய்யும்? உங்கள்மீது குற்றமில்லை. பெரியோர்கள் கைநாட்டு வைத்தார்கள். சண்டைக்கு அணிந்த தோல் தொப்பிகளையும் மணிக்கட்டுப் பட்டைகளையும் திடலின் நடுவில் குழி தோண்டிப் புதைத்தோம். பூமித்தாய்க்குப் படைக்கிறபோது இன்னதைத் தருகிறேன் என்று பெயர் சொல்லித் தருவதல்லவா நம் வழக்கம்? சுமை சுமக்கும் லாமா ஆட்டைத் தந்தால் வெள்ளை லாமா என்கிறோம், கிழங்கைத் தந்தால் இத்தனை கை என்கிறோம். மருத்துவச்சி தொரிபியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுத்தரே, அளந்து சொல்லுய்யா. அவ நீ நெனச்சதைத் திங்கமாட்டா, நீ சொன்னதைத்தான் திம்பா" என்றாள்.

கேட்டேனா? கேட்கவில்லை! கூட்டம் கண்ணீரும் கைதட்டலுமாய் இருக்கும்போது எந்தப் பேச்சாளன் அளந்து பேசுவான்? "சிலுவைத் திருநாளில் மனிதர் இடும் சண்டையைத் தின்றுவிடு தாயே" என்று சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன்? நினைவிருக்கிறதா? "மேலே உள்ளதும் கீழே உள்ளதும், பெரியதும் சிறியதும், உயிருள்ளதும் உயிரற்றதும், இந்த எல்லைக்குள் ஒன்றோடொன்று மோதுகின்ற அனைத்தின் சண்டையையும் தின்றுவிடு தாயே! மிச்சம் வைக்காமல் தின்றுவிடு!" என்று அடுக்கினேன். அடுக்கடுக்காய் அடுக்கினேன். அலங்காரமாய் இருந்தது. அரங்கம் அதிர்ந்தது. சிச்சாவை ஊற்றினேன். மண் அதை உறிஞ்சவில்லை ஐயா, விழுங்கியது! ஒரு தொண்டை விழுங்குகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்டீர்களா இல்லையா?

கேட்டீர்கள். தலையாட்டுகிறீர்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறீர்கள்.

முதலில் என்ன போயிற்று? பேரம் போயிற்று. சந்தையில் ஒருத்தி ஆட்டுத்தோலுக்கு விலை சொன்னாள். வாங்க வந்தவள், "அப்படியே எடுத்துக்கங்க அக்கா" என்றாள். விற்றவள், "வேணாம் தங்கச்சி, சும்மா கொண்டு போ" என்றாள். தோல் இருவருக்கும் நடுவில் கிடந்தது. சாயங்காலம் இருவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்கள். தோல் மழையில் நனைந்து அங்கேயே அழுகியது. ஆற்றங்கரை நிலத்துக்கு எத்தனை ஆண்டு வழக்கு! மேலூர்க்காரர், "நீங்களே உழுதுக்கங்க" என்றார். கீழூர்க்காரர், "சேச்சே, நீங்க உழுங்க" என்றார். மூன்றாண்டாய் அதில் ஏர் படவில்லை. ஊரின் நல்ல நிலம், ஐயா! இன்று முள் மண்டிக் கிடக்கிறது.

சிரிக்கலாம். நானும் அன்று சிரித்தேன். பிறகுதான் சிரிப்பு வாயிலேயே தங்கிவிட்டது.

அடுத்து நாய்கள். நரி பட்டப்பகலில் இந்தத் திடல் வழியே நடந்து வந்தது. பட்டியைத் திறந்து போட்டதுபோல் உள்ளே போய் ஓர் ஆட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு, அதே திடல் வழியே நடந்து போனது. ஏழு நாய்கள் வரிசையாய் உட்கார்ந்து பார்த்தன. ஆட்டுக்குட்டி கத்தவுமில்லை. லாமாக் கிடாக்கள் பெண்ணுக்காக மோதுவதை விட்டன. ஒன்றுக்கொன்று வழிவிட்டு மேய்ந்தன. இந்த ஆண்டு எத்தனை குட்டி பிறந்தது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஒரு கையுமில்லையே!

தீக்குச்சியை உரசினால் பற்றாமல் வழுக்கியது. ஊரில் எரிகிற ஒரே அடுப்பிலிருந்து அனைவரும் கங்கு வாங்கிப் போகிறோம். அது அணைந்தால் என்ன செய்வோம்? வாற்கோதுமையைத் தூற்றக் காற்றில்லை. வடகாற்றும் தென்காற்றும் மலையிடுக்கில் மோதினால்தானே நமக்குத் தூற்றுகிற காற்று? ஆறு ஓடுகிறது, பாறையில் மோதுகிறது, சத்தமில்லை. கரையில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். அங்கே ஆறே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக உறைபனி! நம் உலர்கிழங்கு சுன்யோ எப்படி ஆகிறது, தாய்மார்களே? உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? கிழங்கை வெட்டவெளியில் பரப்புகிறோம். பனி அதைக் கல்லாய் இறுக்குகிறது, பகல் வெயில் அதைப் பிடுங்கி இளக்குகிறது. விட மாட்டேன் என்கிறது பனி! விட்டுத் தொலை என்கிறது வெயில்! இந்த இருவரின் சண்டையில்தான் கிழங்கின் தண்ணீர் வெளியேறுகிறது. மேலே நம் கால் மிதிக்கிறது. பத்தாண்டு வைத்தாலும் கெடாத சோறு நமக்குக் கிடைக்கிறது. பனியும் வெயிலும் பகைத்ததால் அல்லவா நம் பாட்டன் பசியாறினான்? சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் என்ன நடந்தது? பனி வந்தது, வெயிலுக்கு வழிவிட்டது. வெயில் வந்தது, பனிக்கு வழிவிட்டது. வானம் வெதுவெதுப்பாய் நின்றது. கிழங்கு கறுத்து, குழைந்து, நாறியது. அந்த நாற்றத்தின் நடுவே நின்று நாம் என்ன செய்தோம்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்!

நரம்போடு விரல் மோதாமல் சரங்கோ ஒலிக்குமா? கல்லோடு கல் மோதாமல் மாவு அரையுமா? விதையோடு மண் முட்டாமல் முளை எழுமா? முட்டிப் பார்த்தல்லவா முளை! மோதிப் பார்த்தல்லவா மழை! மோதல் இல்லாத இடத்தில் இருப்பதைச் சமாதானம் என்கிறோமே, அது சமாதானமா? பிணத்தின் முகத்திலும் அப்படியோர் அமைதி இருக்கிறதே, ஐயா! என் அண்ணன் முகத்தில் நான் பார்த்தேனே!

தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். இனி சொல்லப்போவது என் வீட்டுச் செய்தி.

நாற்பது நாளைக்குமுன் எங்களுக்கு மகள் பிறந்தாள். பதினாறாண்டு காத்திருந்து பிறந்தவள். தொரிபியாதான் பேறு பார்த்தாள். வெளியே வந்த பிள்ளை அழவில்லை. தலைகீழாய்ப் பிடித்துத் தட்டினாள். அழவில்லை. குளிர்ந்த நீரைத் தெளித்தாள். அழவில்லை. விளக்கருகில் கொண்டுபோய் முகத்தைப் பார்த்தவள் பிள்ளையைப் பசிலியாவின் மடியில் போட்டுவிட்டாள்.

"சிரிக்குதுய்யா" என்றாள்.

பிறகு மெல்ல அருகில் வந்து பிள்ளையின் விரல்களைப் பார்த்தாள். "எல்லாப் புள்ளையும் கையை முட்டியா மூடிக்கிட்டுத்தான் வரும். நாப்பது வருஷமா பாக்குறேன். இவ விரிச்சுக்கிட்டு வந்திருக்கா எழுத்தரே. எதையும் புடிக்கிற எண்ணம் இல்ல இவளுக்கு" என்றாள்.

பிள்ளை பசிக்கு அழுவதில்லை. பசிக்கிறதா என்றே எங்களுக்குத் தெரியாது. வெயில் சுவரில் ஒரு சாண் நகர்ந்தால் பசிலியா பால் கொடுக்கிறாள். பிள்ளை இரண்டு வாய் உறிஞ்சுகிறது. அப்புறம் வாயை எடுத்துக்கொண்டு, வேறு யாருக்கோ இடம் விடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பக்கத்தில் யாருமில்லை! பால் குடிப்பதும் ஒரு போராட்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிறந்த அன்று இருந்த எடையில் பாதிகூட இன்றில்லை. பசிலியா, துணியை விலக்கிக் காட்டு. காட்டம்மா. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊர் பார்க்கட்டும்.

பார்த்தீர்களா? அந்தக் கை என் பேனாவைவிட ஒல்லி. அந்தச் சிரிப்பைப் பாருங்கள். உங்கள் முகத்திலும் என் முகத்திலும் இருக்கிற அதே சிரிப்பு! இன்னும் நான்கு நாள் தாங்குவாள் என்கிறாள் தொரிபியா. நான்கே நாள்!

என் அடுக்குமொழிக்கு என் மகளைக் கொடுத்துவிட்டேன், ஐயா. வேறு யாரையும் குறை சொல்லவில்லை. கைதட்டலுக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தேன்.

நேற்று தொரிபியாவின் காலில் விழுந்தேன். வழியுண்டா என்றேன். அவள் நெடுநேரம் இலையை மென்றாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாம். ஆனா ஊருக்காக ஒருத்தன் கேட்டா தரமாட்டா. அவனவன் தன்னோடதை, பேர் சொல்லிக் கேக்கணும். வாயால கேட்டா பத்தாது. எடுத்துட்டோம்னு அவளுக்குக் காட்டணும்" என்றாள்.

ஆகவே இதோ, சொல்கிறேன். இந்தப் பானை இன்று மண்ணுக்கு இல்லை. ஒப்பந்தத்தை நான் வாசிக்கப் போவதுமில்லை. காற்றின் சண்டையைக் கேட்க நான் காற்றில்லை, பனியின் சண்டையைக் கேட்க நான் பனியில்லை. தாயே, பூமித்தாயே! எவரிஸ்தோ கோல்கே கேட்கிறேன். என் அண்ணனைக் கொன்றவன்மீது எனக்கிருந்த கோபத்தை உன்னிடம் கொடுத்தேன். நிகாசியோமீது கொண்ட கோபம் அது. என்னுடையது. அதைத் திருப்பிக் கொடு!

நிகாசியோ! மூன்றாண்டாய் நாள்தோறும் காலையில் நீ என் வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுச் சிரிக்கிறாய். நானும் சிரித்துக்கொண்டே எடுத்து உள்ளே வைக்கிறேன். அந்தத் தண்ணீரில் சமைத்த எதுவும் எனக்கு ருசித்ததில்லை. நீ என் அண்ணனைக் கொன்றாய். வேண்டுமென்று கொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் கொன்றாய்! அடக்கத்தன்று நீ அழுதாயே, அந்த அழுகையையும் அல்லவா நான் பிடுங்கி மண்ணுக்குப் போட்டுவிட்டேன்? உன் துக்கத்தைத் தின்னக் கொடுக்க நான் யார்? அதைக் கேள்! உன் வாயால் கேள்! சிரிக்காதேடா! என் தமாசோ செத்த படியில் நின்றுகொண்டு சிரிக்காதே!

என்ன சொல்கிறாய்? உரக்கச் சொல். முன்வரிசைக்காரர்களே, கொஞ்சம் விலகுங்கள். அவன் உதடு அசைகிறது. சொல்லடா!

"கேட்டுட்டேன்."

என்ன?

"என் அழுகையை அவகிட்டத் திருப்பிக் கேட்டுட்டேன்னு சொன்னேன். உன் அண்ணன் ஆம்பளை. நீ பேனா. உன்னை அடிச்சா எனக்குத்தாண்டா கேவலம், ஓரத்துல நின்னு எழுதுற பயலே."

ஆகா! ஆகா! கேட்டீர்களா பெரியோர்களே? மூன்றாண்டில் இந்த ஊரின் முதல் உண்மையான ஏச்சு! முகத்தைப் பாருங்கள், அவன் சிரிக்கவில்லை! கண்ணில் நீர் நிற்கிறது, பல்லைக் கடிக்கிறான். இப்போது ஏன் யாரும் தட்டவில்லை? அதோ கீழூர்ப் பக்கம் யாரோ முனகுகிறார்கள். "அவன் சொன்னது தப்பு" என்கிறார் மேலூர்க்காரர் ஒருவர். சொல்லுங்கள் ஐயா, உரக்கச் சொல்லுங்கள்! உங்களுடையதை நீங்களே கேளுங்கள்!

தலைவர் அவர்களே, என் மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு முட்டி பிடிக்கத் தெரியாது, கட்டைவிரலை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்றுகூடத் தெரியாது. அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். ஒத்த இணை இல்லைதான். ஆனால் அண்ணனின் இடத்தில் தம்பி நிற்கலாம் என்பதும் நம் வழக்கம்தானே? நிகாசியோ, படியை விட்டுத் திடலுக்கு வா. ஈரமில்லாத இடமாய்ப் பார்த்து நில்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. என்னை ஏசிய நிகாசியோவுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. பசிலியா, பிள்ளையை முன்னால் தூக்கிப் பிடி. சண்டை இவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வாய் பேசாத இவள் தன்னுடையதை அழுதுதான் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு என் கடைசி வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளை அழுதால் ஓடிவந்து எங்களை விலக்கிவிடுங்கள். அழாவிட்டால் யாரும் விலக்காதீர்கள்.

வணக்கம். இறங்குகிறேன்.